ஆயர் மாறுவார், இவர்கள் இருப்பார்கள்

தென்னிந்தியத் திருச்சபையில் ஆயர்கள் ஒரே ஊரில் நிலைத்திருப்பதில்லை. சில வருடங்களில் மாற்றல் வரும், சாமான்களைக் கட்டிக்கொண்டு அடுத்த பாஸ்டரேட்டுக்கு, அதாவது ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள அடுத்த சபைப் பகுதிக்கு, கிளம்ப வேண்டியதுதான். கோவையில் லண்டன் மிஷன் என்ற மிஷனரி சங்கத்தின் ஊழியம் தொடங்கியது 1830-ல், பல பாஸ்டரேட்டுகள் சேர்ந்த கோவைத் திருமண்டலம் உருவானது 1950-ல். அன்றிலிருந்து வந்துபோன மிஷனரிகள், ஆயர்கள் பலரின் பெயர்கள் கோயில் சுவரில் கல்லில் பொறித்திருக்கின்றன. கல்லறைக் குழி வெட்டியவர், திருவிருந்துக்குத் திராட்சரசம் காய்ச்சியவர் பெயரை அங்கே பார்ப்பது அபூர்வம். ஆயர்களாகிய நாங்கள் முதலில் நன்றி சொல்ல வேண்டியது அவர்களுக்குத்தான்.

இறந்தவரை அடக்கம் செய்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். சாவு வீட்டிலிருந்து போன் வந்ததும் ஆயர் ஜெபிக்கப் போவார். அதே நேரத்தில் கல்லறைத் தோட்டத்தில் ஒருவர் கடப்பாரையோடு இறங்கியிருப்பார். கொங்குப் பக்கம் பல இடங்களில் மேலே கொஞ்சம் செம்மண், அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். மண்வெட்டி இறங்காது. அனுபவமுள்ளவர் வேலையைத் தொடங்குமுன், "ஏனுங்க, பொட்டி நீளம் எத்தனை, தோள்கிட்ட அகலம் எத்தனைங்க?" என்று கேட்டுவிடுவார். பெட்டி தோள் பக்கம்தான் அகலம், அதோடு இரு பக்கக் கைப்பிடிகளும் சேரும். ஆறடிப் பெட்டிக்கு ஏழடி நீளம், மூன்றடி அகலம் இருந்தால் தாராளம். கைப்பிடியைக் கணக்கில் விட்டால் பெட்டி பாதியில் சிக்கிக்கொள்ளும். குடும்பத்தார் கண்ணெதிரே அதை மேலே தூக்கி, ஓரத்தைச் செதுக்கி, மறுபடி இறக்க வேண்டிவரும். அந்த வேதனையை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

ஐப்பசி மழையில் இன்னொரு ஆபத்து. வெட்டிய மண்ணைக் குழியின் ஓரத்திலேயே குவித்தால் பாரம் தாங்காமல் பக்கம் சரியும், அதனால் இரண்டடி தள்ளித்தான் கொட்டுவார். கயிறு காய்ந்ததாக இருக்க வேண்டும், நனைந்தால் கை வழுக்கும். தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று, ஒவ்வொரு முனையிலும் ஒருவர், கனமான பெட்டி என்றால் இருவர். ஒரே சீராக விட்டால்தான் பெட்டி சாயாது. இத்தனை உழைத்தவரிடம் கூலிக்குப் பேரம் பேசுவதைப் பார்த்தால் மனம் நோகிறது. சபைக் கணக்கிலிருந்து அன்றைக்கே கொடுத்துவிட்டு, குடும்பத்தாரிடம் பிறகு வாங்கிக்கொள்வதுதான் மரியாதை.

திருவிருந்தில், அதாவது அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனையில், கொடுக்கும் திராட்சரசத்தைத் தயாரிக்கும் அம்மாவின் வேலை சனிக்கிழமையே தொடங்கிவிடும். பன்னீர் திராட்சையைக் காம்பு ஆய்ந்து, உப்புத் தண்ணீரில் அலசி, எவர்சில்வர் பாத்திரத்தில் மட்டும் வேகவைப்பார். அலுமினியத்தில் வைத்தால் புளிப்பு பட்டு ருசி கெட்டுவிடும். கொட்டையை நசுக்காமல் வடிகட்ட வேண்டும், நசுங்கினால் கசக்கும். ஒரு கிலோ பழத்தில் சுமார் அரை லிட்டர் கிடைக்கும். தனிக் கிண்ணத்தில் ஐந்து மில்லி வீதம் ஊற்றினால் நூறு பேருக்கு வரும். சித்திரை வெயிலில் வெளியே வைத்தால் காலைக்குள் பொங்கிவிடும் என்பதால் ஆறவைத்து நேராக ஃப்ரிட்ஜுக்குப் போகும். பீடத்தில் விரிக்கும் வெள்ளைத் துணியையும் பெரும்பாலும் இவரேதான் துவைத்துக் கஞ்சி போடுகிறார்.

திருப்பூரில் ஊழியம் செய்கிறவர்களுக்கு நேரத்தைக் கற்றுக்கொடுப்பது பனியன் கம்பெனித் தொழிலாளர்கள். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வீட்டுக்கு வர இரவு எட்டரை ஆகிவிடும், அதற்குமேல்தான் அடுப்பு பற்றவைக்க வேண்டும். அந்நேரம் போய் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் அந்தப் பிள்ளைகள் பசியோடு தூங்கும். வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்து, சின்ன ஜெபம் செய்து, கால் மணி நேரத்தில் எழுந்துவிட வேண்டும். அப்படியும் ஒரு டம்ளர் காபி கொடுக்காமல் விடமாட்டார்கள். ஏற்றுமதி ஆர்டர் அவசரம் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருக்கும். காலை ஆறரைக்கு ஓர் ஆராதனை வைத்தால், முடித்துவிட்டு நேரே கம்பெனிக்குப் போய்விடுவார்கள். சாப்பாட்டுத் தூக்கோடு கடைசி வரிசையில் நின்று பாடுகிறவர்களை நினைத்துப் பிரசங்கத்தைச் சுருக்குவதும் நன்றிக்கடன்தான்.

இரண்டு ஞாயிறு வராதவர் யார், யார் வீட்டில் ரேஷன் அரிசி தீர்ந்துவிட்டது என்பது ஆயருக்கு முன்னால் சபைப் பெண்களின் அமைப்பான பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குத் தெரியும். கோவை அரசு மருத்துவமனைக்கு நோயாளியைப் பார்க்கப் போகும்போது இவர்களில் ஒருவரை அழைத்துப் போவது நல்லது. கூட இருப்பவர் காலையிலிருந்து சாப்பிட்டாரா என்று அவர்தான் கேட்பார்.

பொறுப்பு ஒப்படைக்கும்போது ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய பதிவேடுகளோடு இன்னொரு நோட்டும் கொடுக்க வேண்டும். இவர்கள் ஒவ்வொருவரின் பெயர், எந்நேரம் கூப்பிடலாம், கடைசியாகக் கொடுத்த கூலி, யாருக்குச் சர்க்கரை, யார் பிள்ளை எந்த வகுப்பு, எல்லாம் அதில் இருக்க வேண்டும். புது ஆயர் வந்த முதல் வாரமே இந்த வீடுகளுக்குப் போகட்டும். கமிட்டியார் வீடுகளுக்கு அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம்.