வில்லுப்பாட்டு மைக்கும் ஆடிக் காற்றும்

வள்ளியூரில் ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கிறவனுக்கு ஆடி மாதம் வேலை குறையாது. ஒரு பக்கம் கோயில் கொடை, இன்னொரு பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று. முப்பந்தல் காற்றாலைக்கு அது நல்லது, மைக்குக்கு ஆகாது.

சவுண்ட் செட் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் வந்தார். "காத்து அடிச்சா மைக்கு புஸ்ஸு புஸ்ஸுங்கு தம்பி. புலவர் பாடுதது ஒண்ணும் வெளங்க மாட்டேங்கு." ஸ்பாஞ்ச் ஏற்கெனவே போட்டிருந்தார். காற்றின் இரைச்சல் பெரும்பாலும் அடித்தொனிதான்; ஆம்ப்ளிஃபையரில் பாஸை (அடித்தொனியை) குறைத்தால் காற்று அடங்கும், ஆனால் அந்தக் குமிழ் எல்லா மைக்குக்கும் பொது. தாளம் போடும் குடத்தின் சத்தமும் சேர்ந்து போய்விடும். குடம் கேட்காத வில்லுப்பாட்டை யார் உட்கார்ந்து கேட்பார்கள்?

ஆக, பாடுகிறவர் மைக்குக்கு மட்டும் ஒரு ஹை பாஸ் ஃபில்டர் வேண்டும்; அது ஒரு எல்லைக்குக் கீழே உள்ள அடித்தொனியை வெட்டி, மேலே உள்ளதை விட்டுவிடும். 4558 ஐசி ஒன்று போதும், உள்ளே ஆப்-ஆம்ப் எனும் பெருக்கிகள் இரண்டு உண்டு. ஒன்று மைக்கின் சிறிய சிக்னலைப் பெரிதாக்க, மற்றது ஃபில்டருக்கு. ஃபில்டர், சாலன், கீ என்ற இரண்டு பொறியாளர்கள் 1955-ல், வால்வு காலத்திலேயே, எழுதி வைத்த அமைப்புதான். இரண்டு 104 (0.1 மைக்ரோ ஃபாரட்) மைலார் கெப்பாசிட்டர், ஒரே மதிப்பில் இரண்டு ரெசிஸ்டர். பின்னூட்டத்தில் 10 கே (கிலோ ஓம்), 5.6 கே ரெசிஸ்டர் போட்டால் கெயின், அதாவது பெருக்கம், ஒன்றரைக்குச் சற்று மேலே நிற்கும். அது இல்லாவிட்டால் வெட்டு மழுங்கி, குரலின் அடிப்பகுதியும் தேய ஆரம்பிக்கும்.

12 வோல்ட் பேட்டரியில் ஓட வேண்டும் என்பதால் இரண்டு 10 கே, ஒரு 100 மைக்ரோ ஃபாரட் வைத்து நடுவில் 6 வோல்ட் எடுத்தேன். முதலில் எல்லாவற்றையும் பிரெட்போர்டில், அதாவது சால்டர் இல்லாமல் செருகிப் பார்க்கும் பலகையில், கட்டினேன். அதில் கை வைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: சில போர்டுகளில் ஓரத்து சப்ளை வரிசை பாதியில் துண்டாகியிருக்கும். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு ஐசியைச் செருகுவது நல்லது. சப்ளை காலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு 104-ம் வேண்டும். மற்றபடி பிரெட்போர்டில் சத்தம் வரும், ஒழுகும் என்று பயமுறுத்துவதெல்லாம் மெகா ஹெர்ட்ஸ் வேலைக்குச் சரி. 100 ஹெர்ட்ஸில் அதைப் பற்றிக் கவலையே இல்லை.

டேபிள் ஃபேனை மைக்கின் முகத்துக்கு நேரே ஓடவிட்டு, அண்ணாச்சியையே பாடச் சொன்னேன். ஃபில்டர் ரெசிஸ்டர் இரண்டும் முதலில் 22 கே. கணக்குப்படி வெட்டு 72 ஹெர்ட்ஸ். காற்று பாதிக்கு மேல் மிச்சம். 10 கே போட்டதும் 159 ஹெர்ட்ஸ். காற்று ஓடியே போனது, ஆனால் அவர் முகம் சுளித்தார். "சளி பிடிச்சவன் பாடுத மாதிரில்லா இருக்கு!" ஆண் குரலின் அடி 100 ஹெர்ட்ஸ் பக்கம் இருப்பதால் அவர் காது சொன்னது சரிதான். 15 கேயில், அதாவது 106 ஹெர்ட்ஸில், தலையாட்டினார். சூத்திரம் எந்த ஊர் என்று சொல்லும், எந்தத் தெரு என்று காதுதான் சொல்ல வேண்டும். ரெசிஸ்டரைப் பிடுங்கிப் பிடுங்கி மாற்றிக் கேட்க பிரெட்போர்டை விட்டால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டரில் வரும் வளைகோடு சளியைக் காட்டாது.

ஃபேனைக் கூட்டியபோது அப்பவும் ஒரு கரகரப்பு. ஃபில்டருக்கு வரும் முன்னாலேயே, முதல் ஆப்-ஆம்ப் காற்றின் வீச்சில் தன் எல்லையை முட்டிக்கொண்டிருந்தது. அங்கே சிதைந்த ஒலியைப் பின்னால் எந்த ஃபில்டராலும் சரி செய்ய முடியாது. முதல் படியின் கெயினை 100-லிருந்து 30-க்கு இறக்கி, மிச்சத்தை ஆம்ப்ளிஃபையர் வால்யூமிடம் விட்டதும் கரகரப்பு நின்றது.

அப்புறம் டாட் போர்டில் சால்டர் வைத்து, ஒரு தகர டப்பாவில் பூட்டி, வெளியே வரும் வயரை ஆம்ப்ளிஃபையரின் ஆக்ஸ் துளையில் செருகக் கொடுத்தேன். குடத்து மைக் பழையபடி நேராகவே போகும். கொடைக்கு வரி கொடுத்த வரிதாரர் பெயர் வாசிக்கிற மைக்குக்கும் இதே மாதிரி ஒன்று கேட்டார். வாசிக்கிறவர் மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடிப்பார், பாஸ் தானாகவே ஏறிவிடும். அதற்கு 10 கேயே போடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.