மதுரை வெயிலும் பழைய ஆட்டோ கியர் வண்டியும்

மலேசியாவில் கிள்ளானில் வளர்ந்த எனக்கு ஆட்டோ கியர் கார், அதாவது கிளட்ச் மிதிக்காமல் தானாகவே கியர் மாறும் கார், ரொம்பச் சாதாரணமான விஷயம். பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாவற்றிலும் அதுதான் நிற்கும். அப்பா 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கியர் எண்ணெயை மாற்றிவிடுவார், அதற்கு மேல் அதைப் பற்றி வீட்டில் பேச்சே இருக்காது. கல்யாணமாகி மதுரைக்கு வந்த பிறகுதான் அதே மாதிரி வண்டிமேல் இங்கே இத்தனை பயம் இருப்பது தெரிந்தது. "ஆட்டோமேட்டிக்கா? கியர் பாக்ஸ் போச்சுன்னா வண்டி விலைக்குச் செலவு வைக்குமேம்மா" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. மலேசியா, சிங்கப்பூர், இலங்கை என்று எங்கிருந்து வந்து இங்கே குடியேறினாலும், பழைய ஆட்டோ கியர் வண்டி வாங்கப் போனால் இந்தப் பேச்சு உங்கள் காதிலும் விழும், அதனால் எங்கள் வண்டிக்கு என்ன செய்தோம் என்பதை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

மலேசியா, இந்தியா இரண்டிலும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அதில் சிரமமில்லை. சிரமமெல்லாம் கோரிப்பாளையத்தில். பஸ், ஷேர் ஆட்டோ, பைக், நடுவில் சாவகாசமாகக் கடக்கும் மாடு, எது எங்கிருந்து நுழையும் என்று கண் வைத்திருக்கும்போது கிளட்சோடும் மல்லுக்கட்ட என்னால் முடியாது. மாமாவிடம் ஆட்டோ கியர்தான் வேண்டும் என்றேன், "ஓட்டப்போறது நீ, உனக்குத் தோதா இருக்கிறதையே பாரும்மா" என்று முடித்துவிட்டார். கிடைத்தது 2010 ஹோண்டா சிட்டி, ஐந்து கியர், டார்க் கன்வெர்ட்டர் வகை (கிளட்ச் பெடலுக்குப் பதிலாக எண்ணெய் வழியாக என்ஜின் சுழற்சியைக் கடத்தும் பாகம் இது), மீட்டரில் 1,40,000 தாண்டியிருந்தது. என்ஜின் நன்றாக இருந்தது, பாடியும் சுத்தம். சர்வீஸ் பில் கட்டு தடியாக இருந்தாலும் கியர் எண்ணெய் மாற்றியதற்கு அதில் ஒரு பில்கூட இல்லை.

இந்த எண்ணெய் உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்தால் ஏன் மாற்றவேண்டும் என்பது தானாகப் புரியும். என்ஜினின் சுழற்சியை டார்க் கன்வெர்ட்டர் வழியாகச் சக்கரத்துக்குக் கடத்துவது இதுதான். கியர் மாறும்போது கிளட்ச் தகடுகளை அழுத்திப் பிடிப்பதும் இதன் அழுத்தம்தான். பல் சக்கரங்களுக்கு வழவழப்பும் இதுதான், சூட்டை வெளியே எடுத்துப் போவதும் இதுதான். தகடுகள் உதறாமல் பிடிக்க, எவ்வளவு வழுக்கவேண்டும் எவ்வளவு பிடிக்கவேண்டும் என்பதற்கென்றே சில ரசாயனங்களை இதில் கலப்பார்கள் (1970களின் தொடக்கம் வரை இந்த வேலைக்குத் திமிங்கில எண்ணெய் போட்டார்கள் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை). அந்தக் கலவையைத் தின்பது சூடு. இங்கே சித்திரை, வைகாசியில் வெளியே 40 டிகிரி அடிக்கிறது, அந்த நேரத்தில் மாசி வீதிகளில் நின்று நின்று ஊர்ந்தால் காற்றோட்டமே கிடையாது, டார்க் கன்வெர்ட்டர் உள்ளே எண்ணெய் வெந்துகொண்டிருக்கும். வண்டிப் புத்தகங்களில் கடினமான உபயோகம் என்று தனியாக ஒரு பகுதி போட்டு, அப்படி ஓடுகிற வண்டிக்குச் சீக்கிரம் மாற்றச் சொல்வார்கள். மதுரைக்குள் ஓடும் வண்டி எல்லாமே அந்தப் பகுதியில்தான் வரும் என்பது என் கருத்து. ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லாத எண்ணெய் என்று யாராவது சொன்னால், யாருடைய ஆயுள் என்று கேளுங்கள்.

ஒத்தக்கடைப் பக்கம் எங்கள் வீட்டு வண்டிகளை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். கை சுத்தமான வேலைக்காரர், ஆனால் இந்த வேலைக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை.

"தங்கச்சி, ஓடுற வண்டியை எதுக்கு நோண்டணும்? லட்சத்துக்கு மேல ஓடின பாக்ஸ்ல புது ஆயில் விட்டா வழுக்க ஆரம்பிச்சிரும். நானே ரெண்டு வண்டி பார்த்துட்டேன்."

அவர் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, அதில் விஷயம் இருக்கிறது. தேய்ந்துபோன கிளட்ச் தகடுகளிலிருந்து உதிர்ந்த தூள் பழைய எண்ணெயில் மிதக்கும், அந்தத் தூளே கொஞ்சம் பிடிமானம் கொடுத்துக்கொண்டிருந்த பாக்ஸில் மொத்தத்தையும் ஒரே நாளில் கழுவி எடுத்தால் வழுக்கல், அதாவது ரேஸ் ஏறியும் கியர் சரியாகப் பிடிக்காமல் போவது, வெளியே தெரியவரும். புது எண்ணெய் உள்ளே படிந்த கசடைக் கிளப்பி எண்ணெயை வேண்டிய இடத்துக்குத் திருப்பிவிடும் வால்வ் பாடியின் நுண்ணிய துவாரங்களை அடைக்கவும் கூடும். ஆனால் இதைவிட அதிகம் நடப்பது வேறு. வண்டி வழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆள் பதறிப்போய் எண்ணெய் மாற்ற வருகிறார், பத்து நாளில் கியர் பாக்ஸ் படுத்துவிடுகிறது, பழி புது எண்ணெய் தலையில் விழுகிறது. "அண்ணே, அந்த ரெண்டு வண்டியும் உங்ககிட்ட வரும்போதே வழுக்கிக்கிட்டுத்தானே வந்துச்சு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "ஒண்ணு அப்படித்தான் வந்துச்சு" என்றார். அப்புறம் எங்கள் வண்டியை அவரே ஓட்டிப் பார்த்தார். காலையில் குளிர்ந்த என்ஜினில் ரிவர்ஸ் போட்டால் தாமதமில்லாமல் பிடித்தது, ரேஸ் ஏறி வண்டி போகாமல் நிற்பது இல்லை, ரெண்டிலிருந்து மூணுக்குப் போகும்போது மட்டும் ஒரு சின்ன உதறல். எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் எண்ணெய் கறுப்பாக இருந்தது, கருகின வாடை இல்லை. அப்படியென்றால் மாற்றலாம், ஆனால் மெஷின் வைத்து அழுத்தித் தள்ளிக் கழுவக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் என்று பேசி முடித்தோம்.

இந்த மாடலுக்கு அடியில் கழற்றும் தட்டு கிடையாது, ஒரே ஒரு டிரெய்ன் நட்டுதான். அதன் தலையில் சதுரக் குழி இருக்கும், மூணு எட்டு (3/8 அங்குல) ராச்செட்டின் முனை நேராக அதில் உட்கார்ந்துவிடும், சாக்கெட்கூடத் தேவையில்லை. வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி, அண்ணன் கழற்றினார். வந்தது கோப்பி ஓ (எங்கள் ஊர்ப் பால் இல்லாத காப்பி) நிறத்தில் இருந்தது, புது எண்ணெயின் சிவப்பு எங்கேயும் இல்லை. நட்டின் முனையில் ஒரு காந்தம் உண்டு, அதைத்தான் இருவரும் முதலில் பார்த்தோம். காந்தத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி தடியாகப் படிந்திருந்தது. அண்ணன் அதை விரலில் எடுத்து, கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நெருநெருப்பு இல்லை, மாவாக இருந்தது. துண்டோ, செதிலோ, பல் உடைந்த முனையோ அகப்பட்டிருந்தால் வேலையை அங்கேயே நிறுத்தியிருப்போம். பசை என்றால் இத்தனை வருஷத்துச் சாதாரணத் தேய்மானம். துடைத்து, புது அலுமினிய வாஷர் போட்டு முடுக்கினார், பழைய வாஷரையே திருப்பிப் போட்டால் கசியும்.

வடிந்ததை அளவு போட்ட கேனில் ஊற்றிப் பார்த்தோம், இரண்டரை லிட்டரை ஒட்டி இருந்தது. இது கவனிக்கவேண்டிய இடம். பாக்ஸில் இருப்பதில் பாதிக்கும் குறைவுதான் இப்படி வடியும், மிச்சம் டார்க் கன்வெர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் தங்கிவிடும். வடிந்த அளவுக்குப் புது எண்ணெயை, நீளமான புனல் வைத்து டிப்ஸ்டிக் துவாரம் வழியாக மெதுவாக விட்டோம். அளவு பார்ப்பதிலும் ஒரு விஷயம் உண்டு, டொயோட்டா போன்ற பல வண்டிகளில் என்ஜின் ஓடும்போது பார்க்கவேண்டும், ஹோண்டாவில் சூடான பிறகு என்ஜினை அணைத்து 60 முதல் 90 விநாடிக்குள் பார்க்கவேண்டும். எண்ணெய் ஹோண்டாவின் டிடபிள்யூ-1 என்று டப்பாவில் அச்சடித்ததுதான், பழைய இசட்-1 இடத்தில் வந்தது. சிவப்பாக இருக்கிற எல்லாம் ஒன்று என்று ஸ்பேர் கடையில் கொடுப்பதை வாங்கிவிடாதீர்கள், சிவப்பு வெறும் சாயம், ஒழுகினால் கண்டுபிடிக்க.

அப்புறம் வண்டியை வழக்கம்போல ஓட்டினேன். அழகர்கோவில் ரோட்டில் காலையில் ஒரு ஓட்டம், பள்ளிக்கூடம், மார்க்கெட், மாட்டுத்தாவணி. சில வாரம் விட்டு மறுபடி வடித்து ஊற்றினோம், பின்பு இன்னொரு தடவை. ஒவ்வொரு முறையும் வருகிற எண்ணெய் வெளுத்துக்கொண்டே வந்தது, கடைசியில் செம்பழுப்பு. உதறல் முதல் தடவையிலேயே பாதி குறைந்தது, பிற்பாடு தேடிப் பார்த்தாலும் இல்லை. அத்தையை உட்காரவைத்து வத்தலகுண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறி இறங்கினோம். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்துப் பிடித்து வந்தேன், பாக்ஸ் ஒழுங்காகப் பிடித்தது. அண்ணன் இப்போது ஆட்டோ கியர் வண்டி வந்தால் எனக்குப் போன் போட்டு "காந்தத்துல இப்படி இருக்கு தங்கச்சி" என்று படம் அனுப்புகிறார். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இந்த ஊரில் என்னிடமும் ஒருத்தர் கேட்டுத் தெரிந்துகொள்ள ஏதோ இருக்கிறது.

வாங்கப்போகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம். இந்தியாவில் ஆட்டோமேட்டிக் என்று விற்பதெல்லாம் ஒரே சாதி இல்லை. 2014-இல் செலேரியோவோடு வந்த ஏஎம்டி வகை சாதா கியர் பாக்ஸ்தான், கிளட்சை இயந்திரம் மிதிக்கிறது, அதில் இந்த எண்ணெய்க்கு வேலையில்லை. அதே 2014-இல் வந்த அடுத்த சிட்டி சிவிடி (பல் சக்கரக் கியருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் வகை), அதற்கு எண்ணெயே வேறு, நம்முடையதை அதில் விட்டால் பெல்ட் கெட்டுவிடும். வண்டியின் புத்தகத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ஓட்டிப் பார்க்கும்போது ரேஸ் ஏறியும் வண்டி நகரவில்லை, டிப்ஸ்டிக்கில் கருகின வாடை என்றால் எந்த எண்ணெயும் அதைக் காப்பாற்றாது. விலையை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடுங்கள், அந்தப் பணத்துக்கு நல்ல மேனுவல் வண்டி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ரிங் ரோட்டில் கிளட்ச் பழகிக்கொள்ளலாம்.