நள்ளிரவு மிக்ஸ்: கோத்தகிரியில் இதுவரை

லேட்நைட்டேல்ஸ் என்ற இசைத் தொகுப்பு வரிசை 2001-இல் வேறு பெயரில் தொடங்கியது. ஃபோர் டெட் (2004), போனோபோ (2013), ஜான் ஹாப்கின்ஸ் (2015), ஃப்ளோட்டிங் பாயின்ட்ஸ் (2019) என்று எலக்ட்ரானிக் இசைக்காரர்கள் தொகுத்த ஆல்பங்கள் அதில் உண்டு. எந்த ஊர், எந்தக் காலம் என்று பார்க்காமல் பாட்டுகள் அடுத்தடுத்து வரும். பிறர் பாட்டைத் தொகுப்பவரே புதிதாகச் செய்த ஒரு கவர் பாட்டு, கடைசியில் ஒரு பேச்சு, இரண்டும் அந்த வரிசையின் வழக்கம். அதே அமைப்பில், கையில் இருந்த தமிழ், படகப் (நீலகிரிப் படகர்களின்) பதிவுகளையும் சேர்த்து ஒரு சிடிக்குள் அடங்குகிற 74 நிமிட மிக்ஸ் தயாராகிறது. முதல் 40 நிமிடம் முடிந்துவிட்டது.

இப்படிக் கதம்பமான மிக்ஸில் முதலில் காட்டிக்கொடுப்பது தாளம் இல்லை, பின்னணி இரைச்சல்தான். மோனோ எல்.பி.யில் ஊசி உரசும் சத்தம், படகப் பாட்டு கேசட்டில் டேப்பின் 'ஸ்ஸ்', அடுத்து வரும் டிஜிட்டல் ட்ராக்கில் ஒன்றுமே இல்லை. மாறும் இடத்தில் காது அடைத்துத் திறந்த மாதிரி இருக்கும். ராத்திரி குறைந்த ஒலியில் கேட்பவருக்கு இது இன்னும் உறுத்தும். அதனால் மொத்த மிக்ஸுக்கும் அடியில் ஒரே மழைப் பதிவு ஓடுகிறது. பாட்டுகள் −18 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் ஒலியளவின் அலகு), மழை −40. மழை என்று தனியாகத் தெரியக் கூடாது. எடுத்துவிட்டால் மட்டும் தெரிய வேண்டும்.

மழையைப் பதிவு செய்தது தகரக் கூரை போட்ட திண்ணையில். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், உச்சம் −12 டெசிபலைத் தாண்டாத கெயின். மைக் கூரையிலிருந்து ஒன்றரை மீட்டராவது கீழே இருக்க வேண்டும். கிட்டே போனால் துளித்துளியாக 'டக் டக்' என்று விழும், மிக்ஸில் அது ரெக்கார்டு கீறலாகக் கேட்கிறது. காற்றுக்கு ரோம உறை, அதோடு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. தகரச் சத்தம் குரலை மறைக்கும் என்பதால் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை 6 டெசிபல் குறைப்பு. குளிரில் கிடந்த ரெக்கார்டரை நேரே கணப்பு அறைக்குள் கொண்டுவந்தால் மைக்கில் ஈரம் படிந்து 'படபட' என்று வெடிக்கும். வெளியிலேயே சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு ஜிப் கவரில் போட்டு மூடி, உள்ளே வந்தபின் ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் போதும்.

இன்னொரு வம்பு கரண்டு. பக்கத்தில் டிரான்ஸ்பார்மர் இருந்தால் பதிவில் 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஏறிவிடும். 5 கட்டை சுருதியில் உள்ள பாட்டின் கீழ் சட்ஜம் (கீழ் 'ஸ') 98 ஹெர்ட்ஸ். இரண்டும் சேரும்போது நொடிக்கு இரண்டு தடவை ஒலி ஏறி இறங்கும்; பாடகி சுருதி விட்டதாக நினைத்துப் பாட்டைக் குறை சொல்லத் தோன்றும். மழைப் பதிவின் வேகத்தை 2 சதவீதம் குறைத்தால் ரீங்காரம் சரியாக 98-இல் வந்து உட்காரும், தம்புராவுக்குத் துணையாகக்கூட ஆகிவிடும். மழை மெதுவாகப் பெய்வது யாருக்கும் தெரியாது. மற்ற சுருதிகளுக்கு 100, 200, 300 ஹெர்ட்ஸில் ஒடுக்கமாக வெட்ட வேண்டியதுதான்.

பாட்டுகளை அடுக்கியது கட்டைக் கணக்கில். வேகத்தை 6 சதவீதம் குறைத்தால் சுருதி அரைக் கட்டை இறங்கும் என்பது கைகொடுக்கிறது: நிமிடத்துக்கு 80 தட்டு ஓடும் இரண்டரைக் கட்டைப் பாட்டு, 75 தட்டில் இரண்டு கட்டையாகிவிடும். வாத்தியத்துக்கு இது சரி. தெரிந்த குரலை 3 சதவீதத்துக்கு மேல் இழுத்தால் ஆள் மாறிப்போகிறார்.

அதிக வேலை வைத்தது மிச்ர சாபு பல்லவியிலிருந்து 70 தட்டு எலக்ட்ரானிக் ட்ராக்குக்கு மாறும் இடம். அந்தப் பக்கம் 7 மாத்திரை, இந்தப் பக்கம் ஒரு பாரில் 8 அரைத்தட்டு. ஓட்டம் இரண்டுக்கும் நிமிடத்துக்கு 140. சமம் (தாளச் சுற்று தொடங்கும் தட்டு) 56 மாத்திரைக்கு ஒருமுறைதான் சேரும், அதாவது 24 நொடி. ஆகவே ஃபேட் (ஒரு பாட்டு மங்க மற்றது எழும் மாற்றம்) சமத்தில் தொடங்கி அடுத்த பொதுச் சமத்தில் முடிகிறது: சாபு எட்டு ஆவர்த்தனம், இங்கே ஏழு பார். இடையில் இரண்டும் உரசிக்கொண்டு போவது கேட்க சுகம். மிருதங்கம் கிளிக் வைத்து வாசித்ததல்ல, லயம் கொஞ்சம் நகரும். அதை இழுத்து நேராக்கினால் 'தொம்' குழைந்து போகிறது. எலக்ட்ரானிக் பக்கத்தையே மூன்று இடத்தில் மிருதங்கத் தட்டோடு முடிச்சுப் போட்டு, அதோடு நடக்க வைப்பதே நல்லது. ஃபேட் நடக்கும்வரை ஒரு பக்கத்தின் பேஸை 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மிருதங்கத்தின் தொப்பியும் (இடது பக்கம்) சின்த் (சின்தசைசர்) பேஸும் சேர்ந்து களியாகிவிடும்.

மலை ஈரத்தில் ரெக்கார்டெல்லாம் பூஞ்சை. வினைல் என்றால் காய்ச்சி வடித்த நீரில் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்து பள்ளத்தின் போக்கிலேயே துடைக்கலாம். பழைய 78 சுற்றுத் தட்டுக்கு ஆல்கஹால் கூடவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். கேசட்டில் 'ச', 'ஸ' மங்கலாக இருந்தால் மோனோவில் கேட்டபடி ஹெட்டின் பக்க ஸ்குரூவை மிக மெல்லத் திருப்பி, சத்தம் அதிகத் தெளிவாகும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்களின் கொள் (நாதஸ்வரம் போன்ற குழல்) இசையைச் சேர்க்கும் யோசனை கைவிடப்பட்டது. தெய்வத்துக்கு உரிய மெட்டு, சாவுக்கு உரிய மெட்டு என்று அவர்களிடம் பிரிவு உண்டு. கேட்காமல் எடுத்து நடுவில் செருகும் பொருள் இல்லை அது.

கடைசிப் பேச்சுக்குக் குறுந்தொகை ஆறாம் பாட்டு, பதுமனார் எழுதியது. யாமத்தைப் பற்றிய பாட்டு, நான்கே அடி. நெய்தல் பாட்டை மலையில் வைக்கலாமா என்று திணை பார்ப்பவர்கள் கேட்கலாம், கேட்கட்டும்.

பாக்கி இருப்பது கவர் பாட்டு: நீலாம்பரி ராகத் தாலாட்டு, ஒரே ஒரு அனலாக் சின்த்தில். கமகம் (ஸ்வர அசைவு) இல்லாமல் கட்டை கட்டையாக வாசித்தால் சங்கராபரணமாகவே கேட்கிறது. மோனோ (ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்), லெகாட்டோ (ஒட்டிய வாசிப்பு), புது ஸ்வரத்துக்கு என்வெலப் (ஒலி எழுந்து அடங்கும் வடிவம்) திரும்ப அடிக்காதபடி வைத்து, பிட்ச் வீல் (சுருதியை வளைக்கும் சக்கரம்) எல்லையை இரண்டு அரைக்கட்டையிலிருந்து நான்காக்கியதும் இறங்கு பிடிப்புகள் வந்துவிட்டன. நிஷாத அசைவுக்கு வீல் போதவில்லை. விரலால் வழுக்குகிற ரிப்பன் கட்டுப்பாட்டை அடுத்து மாட்டிப் பார்க்க வேண்டும்.