அயோடின் தட்டுகள்: மார்ச் மாதக் குறிப்புகள்

மார்ச் 11, திங்கள்

ஸ்டார்ச் தட்டுப் பரிசோதனை இந்த வருடமும் முடிந்தது. ஆற்காட்டில் ஒரு ரைஸ் மில் வாசலில் அள்ளிய மண்ணிலிருந்து பேசில்லஸ் வகைப் பாக்டீரியா ஒன்றைப் பிரித்து வைத்திருந்தோம். அயோடின் ஊற்றியதும் தட்டு முழுக்கக் கருநீலம். காலனியைச் சுற்றி மட்டும் நிறமே ஏறாத வளையம். பாக்டீரியா அமைலேஸ் என்ற நொதியை வெளியே விட்டு மாவை உடைத்துத் தின்ற இடம் அது. பிள்ளைகள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பாடத்திட்டமும் அதோடு சரி. தின்பதைக் காட்டுகிறோம், தின்றதை அது சேர்த்து வைப்பதைக் காட்டுவதே இல்லை. எனக்கு இது நெடுநாள் குறை.

மார்ச் 13, புதன்

பெங்களூர்த் தோழி கேட்டபடியே ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் வகைகளை அனுப்பிவிட்டாள். எல்லாம் ஜப்பானியர்கள் 2006இல் வெளியிட்ட கெய்யோ தொகுப்பிலிருந்து வந்தவை. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மரபணுவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கானமைசின் ஆன்டிபயாடிக் எதிர்ப்பை வைத்திருக்கிறார்கள்.

தின்ற குளுக்கோஸைக் கிளைகிளையாகக் கோத்துச் சேர்த்து வைப்பதுதான் கிளைக்கோஜன். அதற்கான ஐந்து மரபணுக்கள் ஈ.கோலையின் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஜிஎல்ஜி-சி மரபணுவின் நொதி குளுக்கோஸை அடினோசின் என்ற மூலக்கூறோடு கட்டித் தயார் செய்யும். ஜிஎல்ஜி-ஏ அதை வாங்கிச் சங்கிலியில் ஒவ்வொன்றாகக் கோக்கும். கிளை போட ஒரு நொதி. பிரிக்க இரண்டு: நுனியிலிருந்து உருவும் பாஸ்ஃபாரிலேஸ், மிஞ்சும் கிளைக்கட்டையை அறுக்கும் இன்னொன்று. நம் ஈரலிலும் கிளைக்கோஜன்தான், ஆனால் அங்கே குளுக்கோஸ் யூரிடினோடு கட்டி வருகிறது. இந்த விஷயத்தில் ஈ.கோலை நமக்கு உறவில்லை, நெல்லுக்குத்தான் உறவு. நெல்மணியில் மாவு சேர்வதும் அடினோசின் வழியில்தான்.

மார்ச் 16, சனி

இன்றுதான் பார்த்தோம். ஒரு தட்டை நாலாகக் கோடு போட்டு, 1 சதவீதம் குளுக்கோஸும் ஈஸ்ட் சாறும் கலந்த அகாரில் நேற்று மாலை இழுத்து வைத்திருந்தோம். கண்ணாடி மூடியில் அயோடின் துகள் கொஞ்சம் போட்டு, அதன்மேல் தட்டைக் கவிழ்த்தோம். வேலூர் வெயிலுக்குச் சூடு காட்டவே வேண்டியதில்லை, ஊதா ஆவி தானே எழும்பியது.

முதலில் எந்த மரபணுவும் எடுக்காத சாதாரண வகை பழுப்பானது. ஜிஎல்ஜி-சி இல்லாதது கடைசிவரை வெளிர் மஞ்சள். பாஸ்ஃபாரிலேஸ் இல்லாதது சாதாரணத்தைவிட அடர்ந்த பழுப்பு. சேர்த்ததை எடுக்க வழியில்லை அல்லவா. கிளை போடும் நொதி இல்லாத கால்பகுதி மட்டும் நீலமாக ஏறியது.

"மேடம், இதுல ஸ்டார்ச்சே போடலியே, ஏன் நீலம்?" என்று கேட்டாள் பின்வரிசைப் பெண் ஒருத்தி. அந்த ஒரு கேள்விக்காகவே மற்ற எல்லாரையும் மன்னித்துவிட்டேன். நீளச் சங்கிலி, சுற்றுக்கு ஆறு குளுக்கோஸ் வீதம் சுருளாகிறது. அயோடின் சுருளுக்குள் வரிசையாகப் போய் உட்கார்ந்தால் நீலம். கிளைக்கோஜனில் கிளை ஒவ்வொன்றும் பத்துச் சொச்சம் குளுக்கோஸ் நீளம்தான். அயோடினுக்கு அங்கே நீள வரிசை கிடையாது, அதனால் பழுப்பு. கிளை போடும் நொதியை எடுத்துவிட்டால் ஈ.கோலைக்குள்ளும் ஏறக்குறைய அரிசியில் இருக்கிற அமைலோஸ் என்ற கிளையில்லாத ஸ்டார்ச் மாதிரியே ஒன்று சேர்கிறது.

தட்டைத் திறந்து வைத்தால் சில நிமிடங்களில் நிறம் போய்விடுகிறது. படம் எடுப்பவர்கள் உடனே எடுக்க வேண்டும்.

மார்ச் 17, ஞாயிறு

குடியாத்தத்தில் மாமா வீடு. தறிக்குப் போகும் நூலுக்குக் கஞ்சி போட்டால்தான் இழை அறாது. நெய்து முடித்துச் சாயத்துக்கோ வெளுப்புக்கோ போகும் துணியில் அதே கஞ்சி தடை. அதை எடுக்கப் பெரிய ஆலைகளில் பேசில்லஸ் அமைலேஸ்தான் பயன்படுகிறது என்றேன். முதல் உலகப் போர்க் காலத்திலேயே புவாதேன், எஃப்ரான் என்ற இருவர் தொடங்கி வைத்த வேலை அது. மாமா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "இன்னாம்மா சொல்ற, பூச்சியா கஞ்சிய எடுக்குது?" என்றார். பூச்சி இல்லை மாமா, பூச்சி விட்ட நொதி. அவர் நம்பிய மாதிரி தெரியவில்லை. கறிக்குழம்பு பிரமாதம்.

மார்ச் 20, புதன்

எப்போது சேர்க்கிறது என்பதுதான் எனக்கு இதில் பிடித்த பகுதி. சர்க்கரை நிறைய, நைட்ரஜன் குறைவு என்றால் செல் பெருக முடியாது; அப்போது உபரிக் குளுக்கோஸ் கிளைக்கோஜனாகிறது. முடிவு பெரும்பாலும் ஜிஎல்ஜி-சி நொதியின் கையில். சர்க்கரை உடைப்பின் நடுவில் வரும் ஃபிரக்டோஸ்-1,6-பிஸ்பாஸ்பேட் ஏறினால் நொதி வேகமெடுக்கும். சக்தி வற்றி, அதற்கு அடையாளமான ஏ.எம்.பி. மூலக்கூறு ஏறினால் அடங்கும்.

இந்த அடக்கத்துக்குக் கட்டுப்படாத ஒரு திரிபு நொதி உண்டு, ஜிஎல்ஜி-சி16. அதன் மரபணுவை அமெரிக்காவில் உருளைக்கிழங்குக்குள் புகுத்தினார்கள். கிழங்கில் ஸ்டார்ச் கூடியதாக 1992இல் வெளியிட்டார்கள். செடிக்கும் பாக்டீரியாவுக்கும் வழி ஒன்று என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். இதைச் சொன்னபோதுதான் வகுப்பில் போன்கள் கீழே இறங்கின.

மார்ச் 22, வெள்ளி

அடுத்து சிஎஸ்ஆர்-ஏ. 1993இல் கண்டுபிடித்த கட்டுப்பாட்டு மரபணு. அது கெட்டுப்போன ஈ.கோலை கிளைக்கோஜனைக் கட்டுக்கடங்காமல் சேர்த்து, அயோடின் ஆவியில் கருத்த பழுப்பாக நிற்கும். அதை ஆராய்ச்சி மாணவர்களுக்கு விட்டுவிடலாம். நாலு கால்பகுதித் தட்டை மட்டும் முதலாமாண்டு செய்முறையில் சேர்க்கச் சொல்லித் துறைத்தலைவரிடம் எழுதிக் கொடுத்தேன். "செலவு எவ்ளோம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். ஒரு பாட்டில் அயோடின், சார். இன்டென்ட் போடச் சொல்லிவிட்டார்.