அறுபத்தெட்டு ரூபாய்

போன ஞாயிறு மயிலாப்பூர் மாட வீதியில் காய் வாங்கினோம். "அறுபத்தெட்டு ரூபா குடு கண்ணு" என்றார் கடைக்கார அம்மா. பத்தாவது படிக்கும் என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ம்மா, சிக்ஸ்ட்டி எய்ட்டா, செவன்ட்டி எய்ட்டா?" எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இத்தனைக்கும் பள்ளியில் அவளுக்குத் தமிழ்ப் பாடம் உண்டு. 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டம்தான் அதைக் கட்டாயமாக்கியது. அது நல்ல சட்டம் என்றே இன்றும் நினைக்கிறேன். குறளைப் பிழையில்லாமல் எழுதுகிறாள், நல்ல மதிப்பெண் வாங்குகிறாள். ஆனால் பேச்சிலிருந்து சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. முதலில் எண்கள் போயின, அப்புறம் கிழமைகள், நிறங்கள். திருநெல்வேலியிலிருந்து ஆச்சி போனில் "இன்னைக்கு என்ன வெஞ்சனம்ளா?" என்று சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறியைப் பற்றிக் கேட்டால் போன் என் கைக்கு வந்துவிடும். இதில் அவள் தப்பு ஒன்றுமில்லை. "ரைஸ் சாப்பிடு, வாட்டர் குடி" என்று ஊட்டி வளர்த்தது நான்தான்.

இப்போது தினமும் ராத்திரி வீட்டுக் கணக்கை அவளைத்தான் வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன். நேற்று கால், அரை, முக்கால் முடித்து அரைக்கால், வீசம் வரை வந்தோம்.

"ஒன் பை சிக்ஸ்டீனுக்குத் தனியா ஒரு பேரா?" என்று கண்ணை விரித்தவள், அவளாகவே ஆச்சிக்குப் போன் போட்டாள். "ஆச்சி, வீசத்துக்குக் கீழயும் இருக்கா?"

அரை மணி நேரம் பேசினார்கள்.