அப்பாவின் புது போனும் அண்ணன் பெயரில் இருந்த சிம்மும்

அப்பாவுக்குப் புது போன் வாங்கி ஒன்பது நாள் ஆகிறது. நேற்றுதான் அது முழுசாக வேலை செய்யத் தொடங்கியது. பெட்டியைப் பிரித்து, ஜிமெயில் கணக்கைப் போட்டு, பழைய போட்டோக்களை இதில் ஏற்றியது எல்லாம் ஒரு மாலை வேலைதான். மிச்ச நாட்களைத் தின்றது விரல் நகம் அளவு சிம்.

பழைய போனில் இருந்தது மைக்ரோ சிம். புதுசுக்கு நானோ வேண்டும். கடைப் பையன் "வெட்டிக் குடுத்துடறேன் சார்" என்றான். நானும் தலையாட்டினேன். வெட்டியதில் சில்லும் சேர்ந்து போனது. வெட்டவே விடாதீர்கள். மாற்று சிம் வாங்குவதுதான் சரி.

மறுநாள் அப்பாவின் ஆதாரோடு சிம் கம்பெனி ஷோரூமுக்குப் போனேன். ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு கவுன்ட்டரில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, "இது உங்க அப்பா பேர்ல இல்லையே" என்றார். அப்போதுதான் ஞாபகம் வந்தது, பல வருஷத்துக்கு முன்னால் அண்ணன் தன் பெயரில் வாங்கிக் கொடுத்த சிம் அது. அவன் இருப்பது கோயம்புத்தூரில், நாங்கள் திருநெல்வேலியில். அவன் ஆதார் நகலைக் கொண்டுவந்தால் போதுமா என்று கேட்டேன். "கொண்டு வாங்க, பார்க்கலாம்" என்றார். மறுநாள் கொண்டுபோனால் அதே ஆள், "அவரே நேர்ல வரணும் சார், போட்டோ எடுக்கணும்" என்கிறார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு நடை மிச்சமாகியிருக்கும். உங்கள் வீட்டில் யாருடைய சிம் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

சனிக்கிழமை அண்ணன் வந்தான், பத்து நிமிஷத்தில் சிம் கைக்கு வந்தது. மாலையில் டவரும் வந்தது, போனும் பேச முடிந்தது. வங்கிச் செயலியைத் திறந்தால் ஓடிபி மட்டும் வரவே இல்லை. நான் விடாமல் திரும்பத் திரும்ப அழுத்த, செயலி ஒரு நாளைக்குப் பூட்டிக்கொண்டது. விசாரித்தால், சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது என்கிறார்கள். திருட்டுத்தனமாக சிம் மாற்றிப் பணம் எடுப்பதைத் தடுக்க 2022-ல் வந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். கவுன்ட்டரில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாட்ஸ்அப்புக்கு மட்டும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் அழைப்பில் குறியீடு வாங்கிச் சமாளித்தேன். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காமல் வைத்திருந்ததால் அதில் பேக்கப் எடுக்க முடிந்தது.

யூபிஐ திங்கள்கிழமை கிடைத்தது. டெபிட் கார்டை முன்னாலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ரகசியப் பின் நம்பர் போட அதன் கடைசி ஆறு எண்ணைக் கேட்கும். முதல் 24 மணி நேரம் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. அப்பா அதற்குள்ளேயே மளிகைக் கடைக்கு 340 ரூபாய் அனுப்பிவிட்டு, கடைக்காரரின் பெட்டி "ரூபாய் 340 பெறப்பட்டது" என்று சொன்னதை எங்களுக்கு இரண்டு தடவை நடித்துக் காட்டினார்.

பேட்டரிக் கதை தனி. "முதல் தடவை ஆஃப் பண்ணிட்டு எட்டு மணி நேரம் சார்ஜ் போடுங்க" என்று கடையில் சொல்லிவிட்டார்களாம். அது பழைய நிக்கல் பேட்டரி காலத்துப் பழக்கம், லித்தியம் பேட்டரிக்குத் தேவையே இல்லை. அப்பா கேட்கவில்லை, போட்டே தீர்த்தார். முதல் இரண்டு நாள் சார்ஜ் வேகமாக இறங்கியதும், "ஏமாத்திட்டாங்கடா" என்றார். போட்டோக்கள் இறங்குவதும் செயலிகள் அப்டேட் ஆவதும் பின்னால் நடந்துகொண்டிருந்தன, அவ்வளவுதான். நாலாம் நாள் தானாகச் சரியானது.

நூறிலேயே நிற்பதும் சூடும் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும் என்று, 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி அமைத்தேன். "காசு குடுத்து வாங்கின பேட்டரில இருபது சதவீதத்தை ஏன்டா வீணாக்குறே?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, மத்தியான வெயிலில் ஸ்கூட்டர் முன்பெட்டியில் போனை வைக்க மாட்டேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்.

சிம்மை அப்பா பெயருக்கு மாற்றுவது பாக்கி. அதற்கு அண்ணனும் அப்பாவும் சேர்ந்து வர வேண்டுமாம். தீபாவளிக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறான்.