அது சங்கீதம் இல்லை

நவம்பர் 17

அம்மாவுக்கு சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பிவிட்டார்கள். ரிசல்ட் வர பத்து நாள் ஆகுமாம்.

நவம்பர் 18

பாளையங்கோட்டையில் விடாத மழை. வார்டில் விளக்கை அணைத்த பிறகு அம்மா வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்." அப்புறம் என் பக்கம் திரும்பி, "இருபத்தி மூணாம் சங்கீதம் எவ்வளவு ஆறுதல், பாத்தியால" என்றாள்.

"அது சங்கீதம் இல்லம்மா. ஏசாயா நாப்பத்தி மூணு."

"அப்படியா" என்றவள் அதோடு நிறுத்திவிட்டாள்.

நவம்பர் 20

நான் எடுக்கிற வேதாகம வகுப்பில் யோவான் 17:3. 'அறிவதே நித்தியஜீவன்.' கினோஸ்கோ என்ற கிரேக்க வினையைப் பலகையில் எழுதினேன். இதற்குப் பின்னால் எபிரெயரின் யாதா இருக்கிறது, ஆதாம் ஏவாளை அறிந்தான் என்கிறபோது வருகிற சொல், கூடவே வாழ்ந்து அறிவது என்றேன். பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள். நானும் இருபது வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் குறித்துக்கொண்டேன். இன்று முழங்காலில் நின்றால் அடிக்குறிப்புகள்தான் வருகின்றன. பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று யாக்கோபு எழுதியது ராத்திரி முழுக்க பயமாக இருந்தது.

நவம்பர் 21

ஏன் திருத்தினேன்?

நவம்பர் 23

1654-இல் இதே தேதியில், இரவு பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரை பிரெஞ்சுக் கணித அறிஞர் பாஸ்கல் தேவனை உணர்ந்ததைத் தாளில் எழுதி, கோட்டின் உள்துணியில் வைத்துத் தைத்துக்கொண்டார். 1662-இல் அவர் இறந்த பிறகுதான் அது கிடைத்தது. ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன். தத்துவஞானிகளின், அறிஞர்களின் தேவன் அல்ல என்று அதில் இருந்தது. ஆனாலும் 1658-இல் அவர் சைக்ளாய்டு வளைகோட்டைப் பற்றிக் கணக்கு எழுதினார். படிப்பே வேண்டாம் என்கிற பிரசங்கம் எனக்கு ஒப்பாது. அம்மா எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அந்த வசனம் ஓய்வுநாள் பள்ளியில் காதால் கேட்டு நெட்டுருப் போட்டது. அதுவும் படிப்புதானே. நான் படித்ததைப் பாடம் எடுக்கிறேன். அவள் படித்ததை வைத்து தேவனோடு பேசுகிறாள்.

நவம்பர் 24

தூக்கம் வராமல் 23-ஆம் சங்கீதத்தை எடுத்தேன். மூன்றாம் வசனம் வரை 'அவர்': மேய்க்கிறார், நடத்துகிறார். மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் பேச்சு அவரிடமே திரும்பிவிடுகிறது: "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்." இத்தனை வருஷமாக இதை இலக்கணமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஏசாயாவில் அவர் 'உன்னோடு இருப்பேன்' என்கிறார். அதற்கு இது பதில் மாதிரியே இருக்கிறது. அம்மா இரண்டையும் ஒன்றாகத்தான் வைத்திருந்தாள். நான் பிரித்துவிட்டேன்.

நவம்பர் 26

"அந்த வசனத்தைச் சொல்லும்மா" என்று கேட்டேன். "ஏசாயாதானல?" என்று என் முகத்தைப் பார்த்தாள், வாத்தியார் முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். ஊசி போட்ட இடம் கன்றிப்போயிருந்தது. "எதுவா இருந்தா என்ன, நீ சொல்லு." கண்ணை மூடிச் சொல்ல ஆரம்பித்தாள். நானும் கூடவே சொன்னேன்.

நவம்பர் 27

ரிசல்ட் வந்துவிட்டதாம். கீழே வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். அம்மா ஃபிளாஸ்க்கை நீட்டி, வரும்போது காபி வாங்கிட்டு வா என்கிறாள்.